நோய் எந்தத் திசுவில்?



சதைப் பரிசோதனை என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த பயாப்ஸி அறிக்கையைக் கையில் வாங்கியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். வீட்டில் யாருக்கோ நாக்கில் ஆறாத புண். டாக்டர் சிறு துணுக்கை எடுத்து அனுப்புகிறார். சில நாள் கழித்து ஒரு தாள் வருகிறது. அதில் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று எழுதியிருக்கிறது. உணவுக்குழாயில் நோய் வந்தவரின் தாளிலும் இதே சொற்கள் இருக்கலாம். கருப்பை வாயில் வந்தவருக்கும், தோலில் வந்தவருக்கும் இதே பெயர் வரலாம். உறுப்புகள் நான்கு, பெயர் ஒன்று. ஏன் அப்படி?

அந்தத் தாளை எழுதுபவர் நோயியல் மருத்துவர். நானும் அந்தத் தொழிலில் இருப்பவன். எங்களிடம் வரும் துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிமனில் சீவி எடுக்கிறோம். மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து கிடைக்கும் ஹீமடாக்சிலின் சாயத்தையும், ஈயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்தையும் ஏற்றுகிறோம். பிறகு நுண்ணோக்கியில் பார்க்கும்போது எங்கள் கண்ணில் படுவது நாக்கோ தொண்டையோ அல்ல. ஒரு வகைத் திசு, அதன் செல்கள் அடுக்கப்பட்ட விதம், அந்த அடுக்கு எங்கே குலைந்திருக்கிறது என்பது. நோய்க்குப் பெயர் அங்கிருந்துதான் கிடைக்கிறது.

இன்று உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். இதயம், நுரையீரல், கல்லீரல் என்று உறுப்பு உறுப்பாக உடலைப் படித்துப் பழகிவிட்டோம். ஆனால் நோய் பெரும்பாலும் உறுப்பு பார்த்து வருவதில்லை, திசு பார்த்து வருகிறது. இது தெரிந்தால் மருத்துவர் சொல்வது பாதி புரிந்துவிடும்.

இந்தப் பார்வையை மருத்துவத்துக்குக் கொடுத்தவர் சேவியர் பிஷா என்ற பிரெஞ்சுக்காரர். 1771இல் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே பாரீசில் அறுவை மருத்துவம் கற்று, ஓத்தெல் தியூ மருத்துவமனையில் பணியாற்றியவர். ஒரே குளிர்காலத்தில் 600 சடலங்களுக்கு மேல் அறுத்து ஆராய்ந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வியப்பு என்னவென்றால், அவர் நுண்ணோக்கியைப் பயன்படுத்தவில்லை. அந்தக் காலத்து நுண்ணோக்கிகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கண்ணால் பார்த்தார், விரலால் தொட்டார். சதையைக் காயவைத்தார், வேகவைத்தார், அழுகவிட்டார், அமிலத்தில் போட்டார், உப்பில் ஊறவைத்தார். எது சுருங்குகிறது, எது கரைகிறது, எது அப்படியே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். உடலில் 21 வகைத் திசுக்கள் உண்டு என்ற முடிவுக்கு வந்தார். 1800இல் உடலின் படலங்களைப் பற்றி ஒரு நூலும், 1801இல் பொது உடற்கூறியல் பற்றிப் பெரிய நூலும் எழுதினார். அடுத்த ஆண்டு மருத்துவமனைப் படிக்கட்டில் விழுந்தார். இரண்டு வாரத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 30.

அவர் கவனித்தது என்ன? நுரையீரலைச் சுற்றியிருக்கும் படலம் வீங்கினாலும், இதயத்தைச் சுற்றியிருக்கும் படலம் வீங்கினாலும், குடலைச் சுற்றியிருக்கும் படலம் வீங்கினாலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது. நீர் கோக்கிறது, படலம் தடிக்கிறது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்தப் படலத்துக்கு நேர் கீழே இருக்கும் நுரையீரல் திசு கெடாமல் இருக்கலாம். ஒரே உறுப்பின் இரண்டு அடுக்குகளில் ஒன்று நோயுற்று மற்றது நலமாக இருக்கிறது. வெவ்வேறு உறுப்புகளின் ஒரே வகை அடுக்குகள் ஒரே விதமாக நோயுறுகின்றன. அப்படியானால் நோயின் இருப்பிடம் உறுப்பு இல்லை, திசு. இன்றைக்கும் நாங்கள் இந்த அடிப்படையில்தான் அறிக்கை எழுதுகிறோம்.

பிஷாவின் 21 வகைகளைப் பின்னால் வந்தவர்கள் நுண்ணோக்கியின் உதவியோடு நான்கு பெருங்குடும்பங்களாகச் சுருக்கினார்கள். எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. பள்ளிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் சம நேரம் ஒதுக்கப் போவதில்லை. முதல் இரண்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எபிதீலியம் என்பது மேற்பரப்புகளை மூடும் திசு. உடலின் வெளிப்பக்கம் தோலாக, உட்பக்கம் வாய், குடல், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உள்வரியாக இருக்கிறது. செல்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கி நிற்கும்; நடுவே இரத்தக் குழாய் கிடையாது. செய்கிற வேலையைப் பொறுத்து அதன் அமைப்பு மாறும். நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் ஆக்சிஜன் உள்ளே போகவேண்டும். அங்கே தட்டையான செல்கள் ஒரே அடுக்காக இருக்கும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு அரை மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய தடுப்பு நெஞ்சுக்குள் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்புக்கு விரிந்து கிடக்கிறது. வாயிலும் உணவுக்குழாயிலும் உராய்வு அதிகம். அங்கே ஒரே அடுக்கு தாங்காது. பல அடுக்குகள் வேண்டும். மேலே இருப்பவை உதிரும், கீழே இருப்பவை பிரிந்து மேலே வரும். மூச்சுக்குழாயில் தூண் போன்ற செல்களின் தலையில் குறுயிழைகள் இருக்கும். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அவை அசைந்து, தூசி படிந்த சளியைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

சிறுகுடலின் எபிதீலியம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அங்கே ஒரே அடுக்குத் தூண் செல்கள், குடலுறிஞ்சிகள் என்ற சிறு நீட்சிகளின் மேல் போர்த்தியிருக்கின்றன. அடியிலுள்ள குழிகளில் பிறக்கும் செல் மெல்ல மேலே ஏறி, நுனிக்கு வந்ததும் உதிர்ந்துவிடும். மூன்று முதல் ஐந்து நாட்களில் வரி முழுவதும் புதிதாகிவிடும். இதன் பரப்பு 250 சதுர மீட்டருக்கு மேல் என்று பாடநூல்கள் நெடுநாள் சொல்லி வந்தன. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கவனமாக அளந்து பார்த்ததில், செரிமானப் பாதை முழுவதற்கும் சேர்த்து 30 சதுர மீட்டர் அளவில்தான் வந்தது. குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். அதுவே நம் தோலைப் போலப் பதினைந்து மடங்கு.

இந்த ஓரடுக்குச் செல்களைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் எத்தனையோ உயிர்களைக் காவு வாங்கியது. காலராவில் இறந்தவர்களின் குடலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் பார்த்தபோது உள்வரி உரிந்து கிடந்தது. காலரா குடலின் வரியையே அழித்துவிடுகிறது என்று முடிவு கட்டினார்கள். வரியே இல்லாத குடல் எதை உறிஞ்சும்? ஆகவே வாய் வழியாக நீர் கொடுத்துப் பயனில்லை, இரத்தக் குழாயில் ஊசி வழியாகத்தான் ஏற்றவேண்டும் என்ற கருத்து நிலைத்துவிட்டது. ஊசியும் சலைனும் இல்லாத ஊர்களில் மக்கள் செத்தார்கள்.

1960இல் யூஜின் கங்கரோசா என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பாங்காக்கில் காலரா நோயாளிகள் உயிரோடு இருக்கும்போதே குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். எபிதீலியம் முழுதாக இருந்தது. இறந்தபின் குடல் தானாகச் சிதைவதைத்தான் முன்னோர் நோய் என்று நினைத்திருந்தார்கள். அதே ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர், குடல் செல் குளுக்கோசை உள்ளே எடுக்கும்போது சோடியத்தையும் சேர்த்தே எடுக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். சோடியம் போனால் அதன் பின்னே தண்ணீரும் போகும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காலராவில் குடல் நீரைக் கொட்டுகிறது, ஆனால் உறிஞ்சும் வழி திறந்தே இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் போதும்.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையிலுள்ள பன்காவ் ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் தீர்ந்து போன நிலையில் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய கலங்களில் கலக்கி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. திசுவைச் சரியாகப் பார்த்ததன் பலன் அது. உயிருள்ள குடலின் ஒரு துணுக்கைப் பார்க்கும் வரை நூறு ஆண்டு போய்விட்டதே என்று எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

அடுத்தது இணைப்புத் திசு. எபிதீலியத்தில் செல்கள் நெருங்கி நிற்கும் என்றேன், இங்கே நேர்மாறு. செல்கள் தள்ளித் தள்ளி இருக்கும், அவற்றுக்கு இடையில் இருக்கும் பொருள்தான் முக்கியம். அந்த இடைப்பொருளில் சுண்ணாம்புச் சத்து படிந்தால் எலும்பு. வழுவழுப்பாக நீரைப் பிடித்து வைத்திருந்தால் குருத்தெலும்பு. நார் நாராக முறுக்கேறினால் தசைநாண். திரவமாக இருந்தால் இரத்தம். கொழுப்பும் இந்தக் குடும்பம்தான். இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில், இரத்தத்தைத் தவிர எல்லா இடத்திலும் ஒரு புரதம் ஓடுகிறது. அதன் பெயர் கொலாஜன். நம் உடலின் புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அதுதான்.

அந்தக் கொலாஜனின் வடிவம் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமைக்கு வந்தார். துறை கிண்டியில் இருந்தது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! கொலாஜன் நார்களின் ஊடாக எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் கோலத்தை ஆராய்ந்தார்கள். 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள்: கொலாஜன் மூன்று இழைகளால் ஆன சுருள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி மேலும் முறுக்கேறியிருக்கின்றன என்றார்கள். டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் நுணுக்கங்களில் மாறுபட்டார்கள். மூன்று இழை என்ற அடிப்படை நிலைத்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அப்போது எழுந்த விவாதத்திலிருந்துதான் புரத அறிவியலில் இன்று எவரும் தாண்டிப் போக முடியாத ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் பிறந்தது. தோல் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள அரங்குக்கு மூவிழைச் சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்த மூவிழைச் சுருளில் ஒரு கட்டாய விதி உண்டு. ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசினாக இருக்கவேண்டும். மூன்று இழைகளும் நெருங்கும் நடு அச்சில் இடமே இல்லை. அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும். மரபணுப் பிழையால் ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதிலாகப் பெரிய ஒன்று வந்துவிட்டால் சுருள் அங்கே குலைகிறது. அந்தக் குழந்தைக்குத் தொட்டால் எலும்பு முறியலாம். கண்ணின் வெள்ளை விழி நீலம் பாய்ந்திருக்கும். பல் எளிதில் உடையும். வளர்ந்தபின் காது மந்தமாகலாம். எலும்பு டாக்டர், கண் டாக்டர், பல் டாக்டர், காது டாக்டர் என்று நான்கு பேரிடம் போக வேண்டிய நோய். ஆனால் பிழை ஒரே திசுவின் ஒரே புரதத்தில். பிஷா இருநூறு ஆண்டுக்கு முன் கண்ணால் பார்த்துச் சொன்னது மூலக்கூறு அளவிலும் மெய்யாகிறது.

கொலாஜன் ஒருமுறை கட்டி முடித்த பொருள் என்று நினைக்காதீர்கள். உடல் அதைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு வைட்டமின் சி வேண்டும். பழைய கடற்பயணங்களில் மாதக்கணக்கில் பழமோ காயோ இல்லாத மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கிப் பல் ஆடியது. பல்லாண்டுக்கு முன் ஆறிப்போன காயங்கள் மறுபடி வாய் திறந்தன. தழும்பு என்பதே கொலாஜன். அதைப் புதுப்பிக்க முடியாதபோது பழைய காயம் திரும்பி வருகிறது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் விரைவில் தேறினார்கள்.

தசைக்கும் நரம்புக்கும் சுருக்கமாக வருகிறேன். நாம் விரும்பியபடி இயக்கும் எலும்புத் தசை, குடலிலும் இரத்தக் குழாயிலும் தன்போக்கில் இயங்கும் மென்தசை, இதயத்தில் மட்டும் இருக்கும் இதயத் தசை என்று தசை மூவகை. இதயத் தசை புதுப்பிக்கப்படுகிறதா என்பது நெடுங்காலக் கேள்வி. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் அருமையான வழி கண்டார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 கூடியது. அது உணவு வழியாக எல்லோர் உடலிலும் சேர்ந்தது. செல்லின் டி.என்.ஏ.வில் அதன் அளவைப் பார்த்து அந்தச் செல் பிறந்த ஆண்டைக் கணித்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத இதயத் தசைச் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதிலும் பாதிக்குக் கீழே என்று 2009இல் தெரியவந்தது. குடல் வரி ஒரு வாரத்துக்குள் மாறுகிறது. இதயம் ஏறக்குறைய பிறந்தபோது பெற்றதை வைத்தே ஓடுகிறது. மாரடைப்பில் செத்த தசைக்குப் பதிலாகத் தழும்புதான் வரும் என்பதற்குக் காரணம் இது. நரம்பு செல்கள் இதைவிடக் கடினம்; பெரும்பாலானவை பிறகு பிறப்பதே இல்லை. நெஞ்சு வலிக்கும், பக்கவாதத்துக்கும் மணிக்கணக்குப் பார்க்காமல் நிமிடக்கணக்கில் ஓடச் சொல்வது அதனால்தான்.

இனிப் படலங்கள். இரண்டு மூன்று திசுக்கள் சேர்ந்து ஒரு விரிப்பாக அமைந்தால் அது படலம். வெளியுலகத்தோடு தொடர்புள்ள வழிகளை வரிவது கோழைப்படலம். வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத உள் அறைகளை வரிவது சீரஸ் படலம். மூட்டுக்குள் இருப்பது சினோவியல் படலம். தோலையும் ஒரு படலமாகவே கணக்கிடுவார்கள்.

சீரஸ் படலம் எப்படி இருக்கிறது என்பதை மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வதில்லை. பாதி ஊதிய பலூனுக்குள் ஒரு பக்கமிருந்து கைமுட்டியை அழுத்துங்கள். முட்டியை ஒட்டி ஒரு அடுக்கு, வெளியே ஒரு அடுக்கு, நடுவே மெல்லிய இடைவெளி. முட்டி பலூனுக்குள் இல்லை, ஆனால் பலூன் முட்டியைச் சுற்றி இருக்கிறது. நுரையீரலுக்குப் புளூரா, இதயத்துக்குப் பெரிகார்டியம், வயிற்றறைக்குப் பெரிடோனியம் எல்லாம் இந்த அமைப்புதான். நடுவே இருக்கும் நீர் மிகக் குறைவு. இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்துச் சில தேக்கரண்டி. மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் நுரையீரல் நெஞ்சுச் சுவரில் உரசாமல் வழுக்கிச் செல்வது அதனால்தான். 'நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது' என்று நோயாளிகள் சொல்வார்கள். பெரும்பாலும் தண்ணீர் நுரையீரலுக்குள் இல்லை, இந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே. அதனால்தான் ஊசி போட்டு எடுக்க முடிகிறது. நம் நாட்டில் அப்படி நீர் கோப்பதற்கு முக்கியக் காரணம் காசநோய். அதே காசநோய் இதய உறையிலும் வயிற்றறையிலும் நீர் கோக்க வைக்கும். பிஷா பார்த்தது இதைத்தான்.

இந்த இரட்டை அடுக்கின் இன்னொரு விளைவைப் பாருங்கள். குடல்வால் அழற்சி வந்தவருக்கு முதலில் தொப்புளைச் சுற்றி இன்ன இடம் என்று சொல்ல முடியாத வலி. சில மணி நேரம் கழித்து வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் நிற்கும். வலி ஏன் நகர்கிறது? குடலை ஒட்டிய உள் அடுக்குக்கு இருப்பவை தன்னியக்க நரம்புகள். அவற்றுக்கு இடம் சொல்லத் தெரியாது. அழற்சி பரவி வெளி அடுக்கைத் தொட்டதும், வயிற்றுச் சுவரின் நரம்புகள் பேசத் தொடங்குகின்றன. வலி நகர்ந்தது என்றால் நோய் ஒரு படலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது கை மருந்து பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

மூட்டின் சினோவியல் படலம் தனி ரகம். அதன் மேல் எபிதீலியமே கிடையாது, முழுக்க இணைப்புத் திசு. ஆரோக்கியமான முழங்காலில் அது சுரக்கும் நீர் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. இந்த நீர்தான் அதற்கு உணவு. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் குருத்தெலும்பில் தொடங்குகிறது. முடக்குவாதம் இந்தப் படலத்தில் தொடங்குகிறது. படலம் தடித்து வளர்ந்து குருத்தெலும்பை அரிக்கிறது. இரண்டையும் 'மூட்டு வலி' என்று ஒன்றாகக் கட்டி ஒரே வலி மாத்திரையை விழுங்குவது பெரும் கேடு. முடக்குவாதத்துக்குத் தொடக்கத்திலேயே தகுந்த மருந்து கொடுத்தால் மூட்டைக் காப்பாற்றலாம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மூட்டுகள் விறைத்திருந்தால் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக, எபிதீலியம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லவேண்டும். அதன் அடியில் அடித்தளச் சவ்வு என்ற மிக மெல்லிய விரிப்பு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு தடிமன். வேறொரு வகைக் கொலாஜன் அங்கே நாராக இல்லாமல் வலையாகப் பின்னியிருக்கிறது. மேலே எபிதீலியம், கீழே இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் உள்ள இணைப்புத் திசு. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கு மேல் எபிதீலியத்தில் பிறப்பவை. அவை ஓயாமல் பிரியும் செல்கள், புகையையும் மதுவையும் கிருமியையும் முதலில் சந்திக்கும் செல்கள். புற்றுநோய்ச் செல்கள் அடித்தளச் சவ்வுக்கு மேலேயே இருக்கும் வரை அந்த நோய் வேறெங்கும் போக முடியாது. வெட்டி எடுத்தால் முடிந்தது. சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கியபின் குழாய்களில் ஏறி நிணநீர்க் கட்டிக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகும். நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து நாங்கள் மிகக் கவலையோடு தேடுவது இந்த ஒன்றைத்தான்: தாண்டியதா, தாண்டவில்லையா?

தாண்டும் முன் உடல் பல ஆண்டு அவகாசம் தருகிறது. புகைப்பவரின் மூச்சுக்குழாயில் குறுயிழைத் தூண் செல்கள் மறைந்து, வாயில் இருப்பது போன்ற பலவடுக்குச் செல்கள் வருகின்றன. புகையைத் தாங்க உடல் செய்யும் மாற்றம் அது. ஆனால் சளியை மேலே தள்ள ஆள் இல்லாமல் போகிறது. கருப்பை வாயில் இரண்டு வகை எபிதீலியம் சந்திக்கும் எல்லைக்கோடு இருக்கிறது. எச்.பி.வி. கிருமி அந்த எல்லையில்தான் நிலைகொள்கிறது. அங்கிருந்து புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டு பிடிக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். 2007இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் ஒரு விளக்கும்.

வாய்க்கு வருவோம். பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உள்ளே, எபிதீலியத்துக்கு அடியில் கொலாஜன் தேவைக்கு மேல் படிகிறது. கன்னம் வெளுத்து விறைக்கிறது, காரம் பட்டால் எரிகிறது, வாய் திறக்கும் அளவு மெல்ல மெல்லக் குறைகிறது. மேலே உள்ள எபிதீலியம் மெலிந்து, புற்றுநோய்க்கு இடம் கொடுக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. நம் சுப காரியங்களில் தாம்பூலத்துக்கு இருக்கும் இடத்தை நான் அறிவேன். தட்டில் வைத்து மரியாதை செய்வது ஒன்று, நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு. கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்களைப் பிள்ளைகள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நாம் சும்மா கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிட வேண்டும். 'சதை எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும்' என்று ஊரில் சொல்கிறார்கள். இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, சவ்வைத் தாண்டியபின் வந்தவர்களின் துணுக்குகளை எத்தனையோ முறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நோய் பரவுவது சதை எடுத்ததால் இல்லை, எடுக்கத் தாமதித்ததால்.

இன்று வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக வைத்தால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் எது இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பாக்கையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள். முப்பது வயது தாண்டிய சகோதரிகள் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.